ஸ்டோவேஜ் ஃபேக்டர்: 'இடமடைப்பு எண்' என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். கப்பல் சரக்கைப் பற்றிய 'ஸ்டோவேஜ் ஃபேக்டர்' (stowage factor) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே முன்வைக்கப்பட்ட 'கொள்ளளவுக் காரணி' எனக்குச் சரியாகப் படவில்லை. கொள்ளளவு என்றதும் கப்பலின் சரக்கறைதான் நினைவுக்கு வரும், இந்த எண்ணோ சரக்கின் குணத்தைச் சொல்வது. ஒரு டன் சரக்கு எத்தனை கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கோதுமைக்கு 1.3 பக்கம் வரும், இரும்புத்தாதுக்கு 0.4 பக்கம். அப்புறம், இது எதற்கும் காரணமாக இருப்பதில்லை, வெறும் அளவு. காரணி எதற்கு?

பஞ்சு இடத்தை அடைக்கும் என்று எல்லோரும் சொல்வதுதானே. அதிலிருந்தே 'இடமடைப்பு எண்' என்று வைக்கலாம். சேர்த்து எழுதினால் 'பெண்' என்று முடிந்துவிடும், ஆகவே பிரித்தே எழுத வேண்டும்.

'அடர்த்தி எண்' என்று சுருக்கலாமே என்பதையும் நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் இது அடர்த்தியின் தலைகீழ். சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச) உடன்படிக்கையின் 12ஆம் அத்தியாயம் கனமான சரக்குகளுக்குக் கன மீட்டருக்கு 1,780 கிலோ என்று ஓர் எல்லை வைக்கிறதே, அதைத் திருப்பிப் போட்டால் டன்னுக்கு ஏறத்தாழ 0.56 கன மீட்டர். எண் குறையக் குறையச் சரக்கு கனமாகிறது, பெயரைப் பார்த்து ஒருவர் இதை மாற்றிப் புரிந்துகொண்டால் விளைவு மோசமாக இருக்கும். தாது ஏற்றும்போது சரக்கறையில் பாதிகூட நிரம்பாமல் இருக்கும், ஆனால் அதன் தரை தாங்கக்கூடிய எடை அதற்குள் வந்துவிட்டிருக்கும். இடம் இருக்கிறதே என்று மேலும் கொட்டக் கூடாது. சரி, எல்லா அறைகளிலும் சமமாகப் பரப்பினால்? எடை முழுக்க அடியில் இருப்பதால் கப்பல் சாய்ந்ததும் வெடுக்கென்று நிமிரும், அந்த ஆட்டம் ஆட்களுக்கும் கட்டுமானத்துக்கும் கெடுதல். அதனால்தான் ஓர் அறை விட்டு ஓர் அறையில் ஏற்றும் வழக்கம் வந்தது. ஆனால் நிறைந்த அறைக்கும் காலி அறைக்கும் நடுவில் கப்பலின் உடல் பெரும் வெட்டுவிசையை (அடுத்தடுத்த பகுதிகளை எதிரெதிராக மேலும் கீழும் தள்ளும் விசையை) தாங்கியாக வேண்டும், எல்லாக் கப்பலும் அதற்குக் கட்டப்பட்டதல்ல. பக்கவாட்டில் ஒரே தகட்டுச் சுவர் உள்ள பழைய ஒற்றைச் சுவர்க் கப்பல்களுக்கு இதில் கட்டுப்பாடே உண்டு.

ஏற்றுமுன் சரக்கு அனுப்புபவர் இந்த எண்ணை மாலுமித் தலைவருக்கு எழுத்தில் தர வேண்டும், ஆகவே படிவத்தில் பார்த்ததும் புரிகிற சொல்லாக இருக்கட்டும்.

அதே தாளில் வரும் 'ட்ரிம்மிங்'குக்கு, அதாவது கொட்டிய சரக்குக் குவியலைச் சமப்படுத்துவதற்கு, 'குவியல் சமன்' போதுமா? 'ட்ரிம்' என்பது கப்பலின் முன்பின் சாய்வு, இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட வேண்டாம்.