டாம்கேட் (ஜாவா செயலிகளை ஓட்டும் வெப் சர்வர்) சாயங்காலமானால் நின்றுவிடுகிறது. கண்காணிப்பு வைத்தும் ஒன்றும் தெரியவில்லை. உதவுங்கள்

பலகாரப்பெட்டி (செவ்வாய், இரவு 10.40)

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் ஆன்லைன் ஆர்டர் செயலியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கோடு (நிரல்) எழுதுவேன், சர்வர் வேலை அரைகுறை. கடை ஒரு ஆச்சி நடத்துவது. மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம், மாவுருண்டை எல்லாம் போடுகிறார்கள். உள்ளூரில் விற்பதைவிட சிங்கப்பூர், மலேசியாவுக்குப் பார்சல் போவதுதான் அதிகம். தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம்.

சாயங்காலம் 7 மணிக்கு மேல் தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆர்டர் பக்கம் மட்டுமில்லை, முகப்புப் பக்கமே திறப்பதில்லை. 'டாப்' கட்டளை போட்டுப் பார்த்தால் சிபியு 12 சதவீதம், ராமும் மிச்சம் இருக்கிறது. டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். மறுநாள் சாயங்காலம் பழைய கதை. ஆச்சி கேட்கிறார்: "ஏம்ப்பா, எண்ணெய் காஞ்சு நிக்குது, ஆர்டரு எங்க?"

சரி, கண்ணை மூடிக்கொண்டு ரீஸ்டார்ட் செய்வதை விட்டுவிட்டு அளந்து பார்ப்போம் என்று புரோமிதியஸ் (அளவுகளைச் சேகரிப்பது), கிராஃபனா (அவற்றை வரைபடமாகக் காட்டுவது) இரண்டையும் டாக்கர் காம்போஸில் போட்டேன், அதாவது தனித்தனிக் கன்டெய்னர்களுக்குள். டாம்கேட்டின் உள் எண்களை எடுத்துத் தரும் ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டரை, டாம்கேட்டோடு சேர்ந்தே ஓடும் ஜாவா ஏஜென்டாக 9404 போர்ட்டில் வைத்தேன். உபுண்டு 22.04, ஜாவா 11, டாம்கேட் 9, மைஎஸ்க்யூஎல் 8 (டேட்டாபேஸ்). டாம்கேட்டும் மைஎஸ்க்யூஎல்லும் டாக்கரில் இல்லை, நேரடியாக அதே மெஷினில் ஓடுகின்றன. 4 கோர், 8 ஜிபி.

இப்போது இரண்டு சிக்கல். எங்கிருந்து எண்களை எடுக்கிறது என்று காட்டும் புரோமிதியஸின் டார்கெட் பக்கத்தில் 'டவுன், கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று சிவப்பாக நிற்கிறது. ஆனால் அதே மெஷினில் 'கர்ல்' போட்டு லோக்கல்ஹோஸ்ட் 9404-ஐக் கேட்டால் எண்கள் வரிவரியாகக் கொட்டுகின்றன. இன்னொன்று, ஏஜென்ட் வைத்ததிலிருந்து ஷட்டவுன் ஸ்கிரிப்ட் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று விழுகிறது, டாம்கேட் நிற்க மாட்டேன் என்கிறது. கில் கட்டளை அடித்துத்தான் நிறுத்துகிறேன்.

ஊஞ்சல் (செவ்வாய், இரவு 11.05)

ராமை 16 ஜிபி ஆக்கி ஹீப்பை (ஜாவாவுக்கு ஒதுக்கும் நினைவகம்) ஏற்றுங்கள். எங்களுக்கு அதில்தான் சரியானது. இல்லையென்றால் தினமும் 6.30-க்கு ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் கட்டளை) போட்டு ரீஸ்டார்ட். தீபாவளி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தேவகோட்டை_ரஸ்தா (செவ்வாய், இரவு 11.30)

தம்பி, உங்கள் புரோமிதியஸ் கான்ஃபிக்கில் டார்கெட் 'லோக்கல்ஹோஸ்ட்:9404' என்றுதானே இருக்கிறது? அதுதான் கோளாறு. லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'என் வீடு' என்று அர்த்தம். புரோமிதியஸ் இருப்பது கன்டெய்னருக்குள். அது தனி வீடு, தனி வளவு. அங்கே உட்கார்ந்துகொண்டு 'என் வீட்டு 9404-ஆம் கதவு' என்று தட்டினால் யார் திறப்பார்கள்? டாம்கேட் இருப்பது வெளியே, ஹோஸ்டில், அதாவது மெஷினிலேயே.

காம்போஸ் ஃபைலில் புரோமிதியஸ் சர்வீஸுக்குக் கீழே 'எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு வரி சேருங்கள். 'ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்' என்ற பெயரை 'ஹோஸ்ட்-கேட்வே'க்குக் காட்ட வேண்டும். லினக்ஸில் இது டாக்கர் 20.10-இலிருந்து வேலை செய்யும். பிறகு டார்கெட்டில் அந்தப் பெயரைப் போடுங்கள்.

ஷட்டவுன் விஷயம்: ஏஜென்ட் வரியை 'ஜாவா ஆப்ட்ஸ்' மாறியில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'கேட்டலினா ஆப்ட்ஸ்' மாறிக்கு மாற்றுங்கள். ஷட்டவுன் ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது? இன்னொரு சின்ன ஜாவாவைக் கிளப்பி, அதன் மூலம் 8005 போர்ட்டுக்கு 'நிறுத்து' என்று சொல்லி அனுப்புகிறது. ஜாவா ஆப்ட்ஸில் இருப்பதெல்லாம் அந்தச் சின்ன ஜாவாவுக்கும் போகும். அதுவும் ஏஜென்டைத் தூக்கிக்கொண்டு 9404-ஐப் பிடிக்கப் பார்க்கும். அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறார், அதனால் விழுகிறது. கேட்டலினா ஆப்ட்ஸ், டாம்கேட்டைக் கிளப்பும் ஸ்டார்ட், ரன் போன்ற கட்டளைகளுக்கு மட்டும்தான். டாம்கேட்டின் பின் ஃபோல்டரில் 'செட்என்வி' ஸ்கிரிப்ட் ஒன்றை நீங்களே உருவாக்கி அதில் வையுங்கள். அது டாம்கேட்டோடு வராது, ஆனால் இருந்தால் எடுத்துக்கொள்ளும்.

பலகாரப்பெட்டி (புதன், காலை 7.15)

அண்ணே, ஷட்டவுன் சரியாகிவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரியே ஜாவா ஆப்ட்ஸில்தான் வைத்திருந்தேன். மூன்று நாள் கில் அடித்துக்கொண்டிருந்தேன் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

டார்கெட் இன்னும் டவுன்தான். ஆனால் இப்போது வேறு பிழை: 'கான்டெக்ஸ்ட் டெட்லைன் எக்ஸீடட்'.

தேவகோட்டை_ரஸ்தா (புதன், காலை 8.00)

நல்ல செய்திதான். முன்பு ஆளே இல்லாத வீட்டில் தட்டினீர்கள், உடனே மறுப்பு வந்தது. இப்போது சரியான வீட்டுக்கு வந்துவிட்டீர்கள், வாசலில் காவல்காரர் பதில் சொல்லாமல் நிற்கிறார். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறீர்களா? கன்டெய்னரிலிருந்து ஹோஸ்டுக்கு வருவதையும் அது வெளியாளாகத்தான் பார்க்கும். டாக்கர் நெட்வொர்க் இன்ஸ்பெக்ட் போட்டு காம்போஸ் நெட்வொர்க்கின் முகவரி வரம்பைப் பாருங்கள் (வழக்கமான பிரிட்ஜ் 172.17-இல் தொடங்கும், காம்போஸ் வேறு எடுத்திருக்கலாம்). அந்த வரம்பிலிருந்து மட்டும் 9404-க்கு அனுமதி கொடுங்கள்.

அவசரத்தில் 9404-ஐ ஊருக்கே திறந்துவிடாதீர்கள். அதில் பாஸ்வேர்ட் எதுவும் கேட்காது. உங்கள் சர்வரின் உள்விஷயம் அத்தனையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

பலகாரப்பெட்டி (புதன், மதியம் 1.20)

பச்சை! டார்கெட் 'அப்' ஆகிவிட்டது. காவல்காரர் யூஎஃப்டபிள்யூதான்.

அடுத்தது. ஹீப் கட்டம் வருகிறது. ஆனால் ஜிசி (ஜாவா தேவையற்ற நினைவகத்தைக் காலிசெய்வது) நேரக் கட்டம், ரிக்வெஸ்ட் கட்டம் இரண்டிலும் 'நோ டேட்டா'. ரெடிமேட் டாஷ்போர்டு ஒன்றை இறக்கிப் போட்டேன். விநாடிக்கு எவ்வளவு ஏறுகிறது என்று கணக்கிடும் ரேட் ஃபங்ஷனில் ஒரு நிமிடம் என்று இருக்கிறது.

கண்டாங்கி (புதன், மதியம் 2.10)

ஸ்கிரேப் இன்டர்வல் (எண்களை எடுக்கும் இடைவெளி) என்ன வைத்திருக்கிறீர்கள்? எதுவும் எழுதாவிட்டால் புரோமிதியஸ் நிமிடத்துக்கு ஒரு முறைதான் எடுக்கும். ரேட் கணக்குப் போட அந்த ஜன்னலுக்குள் குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும். நிமிடத்துக்கு ஒரு புள்ளி, ஜன்னலும் ஒரு நிமிடம் என்றால் எதை எதிலிருந்து கழிப்பது? இன்டர்வலை 15 விநாடி ஆக்குங்கள். ஜன்னல், இன்டர்வலைப் போல நான்கு மடங்காவது இருக்கட்டும். கிராஃபனாவிலேயே இதற்கென்று 'ரேட் இன்டர்வல்' மாறி இருக்கிறது, அதைப் போட்டால் தானே பார்த்துக்கொள்ளும்.

ஊஞ்சல் சொன்ன ராம் யோசனைக்கு ஒரு வார்த்தை. ஹீப் வரைபடம் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும், அது இயல்பு. ஜிசி முடிந்தபின் இறங்கும் அடிமட்டம் நாளுக்கு நாள் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை, ஜிசி நேரமும் குறைவு என்றால் ராம் வாங்குவது வீண் செலவு.

இன்னும் முக்கியமானது: சிபியு சும்மா இருக்கிறது, தளம் நிற்கிறது என்றால் சர்வர் வேலை செய்யவில்லை, எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது. காத்திருப்பை சிபியு கட்டத்தில் பார்க்க முடியாது. டாம்கேட்டின் த்ரெட்பூலில் (ரிக்வெஸ்டைக் கவனிக்கும் வேலையாட்கள்) 'கரன்ட் த்ரெட்ஸ் பிஸி' என்ற எண்ணையும், டேட்டாசோர்ஸில் (டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு, அதாவது பூல்) 'நம் ஆக்டிவ்' (இப்போது பயன்பாட்டில் உள்ள இணைப்புகள்) என்ற எண்ணையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போடுங்கள். இன்று சாயங்காலம் அந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

பலகாரப்பெட்டி (புதன், மாலை 4.45)

அக்கா, ரேட் சரியாகிவிட்டது, நன்றி. ஜிசி நேரம் ஒன்றுமே இல்லை, தரையோடு கிடக்கிறது. பிஸி த்ரெட் கிடைத்தது. டேட்டாசோர்ஸ் மட்டும் எங்கேயும் காணோம்.

கண்டாங்கி (புதன், மாலை 5.00)

எக்ஸ்போர்ட்டரின் யாம்ல் (கான்ஃபிக்) ஃபைலை எங்கிருந்தோ காப்பி அடித்திருப்பீர்கள். அதில் 'ரூல்ஸ்' என்று சில வரிகள் இருக்கும். ரூல்ஸ் எழுதிவிட்டால் அதற்குப் பொருந்தாத எதையும் எடுக்காது. டாம்கேட்டுக்கான மாதிரி ஃபைலில் த்ரெட்பூல், ரிக்வெஸ்ட், செஷன் இருக்கும், டேட்டாசோர்ஸ் இருக்காது. தற்காலிகமாக ரூல்ஸ் பகுதியையே எடுத்துவிடுங்கள், எல்லாம் வரும். வேண்டியதைக் கண்டுபிடித்த பிறகு வடிகட்டலாம்.

பலகாரப்பெட்டி (புதன், இரவு 9.30)

வந்தது. இப்போது எழுதும்போதே கை நடுங்குகிறது.

7.05 வரை பிஸி த்ரெட் 10, 12 என்று போய்க்கொண்டிருந்தது. 7.10-க்கு மேல் ஏறத் தொடங்கி 7.35-க்கு 200. அதற்கு மேல் ஏறவில்லை, நேர்கோடு. சிபியு 11 சதவீதம். நம் ஆக்டிவ் 8. அதுவும் நேர்கோடு. உயிர் போன ஈசிஜி மாதிரி.

ரீஸ்டார்ட் செய்யலாமா?

கண்டாங்கி (புதன், இரவு 9.33)

செய்யாதீர்கள்! ஜேஸ்டாக் போட்டு த்ரெட் டம்ப் எடுங்கள், ஒவ்வொரு த்ரெட்டும் எந்த இடத்தில் நிற்கிறது என்று அது காட்டும். 10 விநாடி இடைவெளியில் மூன்று. டாம்கேட் எந்த யூசரில் ஓடுகிறதோ அதே யூசரில் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு தாராளமாக ரீஸ்டார்ட்.

200 என்பது டாம்கேட்டின் மேக்ஸ் த்ரெட்ஸ், நீங்கள் மாற்றாவிட்டால் அதுதான் அளவு. 200 பேரும் மாட்டிக்கொண்டதால்தான் முகப்புப் பக்கம்கூடத் திறக்கவில்லை, படத்தை எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை. 8 என்பது டாம்கேட்டின் டேட்டாபேஸ் இணைப்புத் தொகுப்பான டிபிசிபி-2 பூலின் இயல்பான மேக்ஸ் டோட்டல், அதாவது உச்ச அளவு. கான்டெக்ஸ்ட் ஃபைலில் நீங்கள் அளவு எதுவும் எழுதவில்லை, சரியா? அப்படியென்றால் மேக்ஸ் வெய்ட்டும் எழுதியிருக்க மாட்டீர்கள். அதன் இயல்பு மைனஸ் 1. கனெக்‌ஷன் கிடைக்கும்வரை எந்நேரமானாலும் காத்திரு என்று அர்த்தம்.

இனிக் கேள்வி ஒன்றுதான்: அந்த 8 கனெக்‌ஷனை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

பலகாரப்பெட்டி (புதன், இரவு 11.50)

மூன்று டம்ப்பும் பார்த்தேன். 192 த்ரெட் 'பாரோ ஆப்ஜெக்ட்' என்ற இடத்தில் கனெக்‌ஷனுக்கு வரிசையில் நிற்கின்றன. மிச்சம் 8. மூன்று டம்ப்பிலும் அதே 8, அதே இடம்: 'சாக்கெட் ரீட்', எதிர்முனையின் பதிலுக்குக் காத்திருப்பது. கொஞ்சம் கீழே இறங்கினால் நானே எழுதிய கிளாஸ்.

வெளிநாட்டுப் பார்சலுக்கு எடை பார்த்துக் கட்டணம் சொல்ல ஒரு கூரியர் சேவையின் ஏபிஐ-யை (நிரல் நேராகக் கேட்டுப் பதில் வாங்கும் வழி) கூப்பிடுகிறேன். ஆர்டரைச் சேமிக்கும் டிரான்சாக்‌ஷனுக்கு நடுவே, கனெக்‌ஷனைக் கையில் பிடித்துக்கொண்டே. டைம்அவுட் போடவில்லை.

ஏன் சாயங்காலம் மட்டும் என்பதும் புரிந்துவிட்டது. இங்கே 7 மணி என்றால் சிங்கப்பூரில் 9.30. சாப்பிட்டுவிட்டு ஓய்வாக உட்கார்ந்து ஆர்டர் போடும் நேரம். உள்ளூர் ஆர்டருக்கு அந்த ஏபிஐ பக்கமே போவதில்லை, அதனால்தான் பகலெல்லாம் நான் சோதித்தபோது சமர்த்தாக ஓடியது.

தேவகோட்டை_ரஸ்தா (வியாழன், காலை 6.40)

ஜாவாவின் ஹெச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷனில் டைம்அவுட் எழுதாவிட்டால் பூஜ்யம், அதாவது எல்லையே இல்லை. எதிர்முனை பேசாவிட்டால் இதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்கும். இதில் அடிபடாதவர் கிடையாது, நான் இரண்டு முறை பட்டிருக்கிறேன்.

கனெக்ட் 3 விநாடி, ரீட் 5 விநாடி வையுங்கள். அதைவிட முக்கியம், அந்த அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுங்கள். முதலில் கட்டணத்தைக் கேளுங்கள், பிறகு கனெக்‌ஷனை வாங்குங்கள், எழுதுங்கள், உடனே திருப்பிக் கொடுங்கள்.

ஊஞ்சல் (வியாழன், காலை 9.10)

அப்படியென்றால் பூலை 100 ஆக்கிவிட்டால் போதாதா? கோடு மாற்ற வேண்டாமே.

கண்டாங்கி (வியாழன், காலை 9.40)

எட்டுப் பேர் மாட்டுகிற இடத்தில் நூறு பேர் மாட்டுவார்கள், கொஞ்சம் தாமதமாக. மைஎஸ்க்யூஎல்லின் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் இயல்பாக 151 என்பதையும் மறக்க வேண்டாம். கோடைச் சரிசெய்த பிறகு பூலை 20 ஆக்கலாம், மேக்ஸ் வெய்ட் 5000 மில்லிவிநாடி. கனெக்‌ஷன் கிடைக்காதவர் ஐந்து விநாடியில் பிழைச் செய்தி பார்த்துவிட்டுப் போகட்டும். மற்றவர்களின் வழியை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அலெர்ட் இரண்டு போதும்: நம் ஆக்டிவ் 16-க்கு மேல் இரண்டு நிமிடம் நின்றால் ஒன்று, டார்கெட் டவுன் ஆனால் ஒன்று. இருபது அலெர்ட் வைத்தால் மூன்றாம் நாள் எதையும் திறந்து பார்க்க மாட்டீர்கள். அப்புறம், ஆக்செஸ் லாகில் (வந்த ரிக்வெஸ்டுகளின் பதிவேடு) சதவீத-டி (%D) சேர்த்து ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஆன நேரத்தை எழுத வையுங்கள். ஜேஎம்எக்ஸ் தரும் மொத்த நேரத்தை ரிக்வெஸ்ட் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிதான் கிடைக்கும். சராசரியில் 30 விநாடி காத்திருந்தவர் காணாமல் போய்விடுவார். டாம்கேட் 9-இல் அந்த எண் மில்லிவிநாடி. 10-க்குப் போனால் மைக்ரோவிநாடி ஆகிவிடும், அன்றைக்குப் பதறாதீர்கள்.

ஆத்தங்குடி_கல் (வியாழன், காலை 11.00)

ஒன்று விட்டுப்போகிறது. புரோமிதியஸும் அதே மெஷினில் இருப்பதால் மெஷின் படுத்தால் அதுவும் சேர்ந்து படுக்கும், அலெர்ட் யார் அனுப்புவார்கள்? 'தளம் திறக்கிறதா' என்று வெளியிலிருந்து பார்க்க ஒன்று வேண்டும். தயவுசெய்து அதை வீட்டு லேப்டாப்பில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். எங்கள் தெருவில் கரன்ட் போனபோதெல்லாம் 'தளம் படுத்துவிட்டது' என்று எனக்கே செய்தி வந்தது.

பலகாரப்பெட்டி (ஞாயிறு, இரவு 10.15)

வெள்ளிக்கிழமை மாற்றி ஏற்றினேன். நேற்று சனிக்கிழமை, கூட்டம் அதிகம். பிஸி த்ரெட் அதிகபட்சம் 19, நம் ஆக்டிவ் 3-ஐத் தாண்டவில்லை. 7.40-க்கு கூரியர் ஏபிஐ மறுபடி தொங்கியது, ஆக்செஸ் லாகில் ஐந்து விநாடிக்கு மேல் ஆன ஆறு ரிக்வெஸ்ட் வரிசையாகத் தெரிந்தன. அந்த ஆறு பேருக்கும் 'பார்சல் கட்டணம் பிறகு தெரிவிக்கப்படும்' என்று காட்டி ஆர்டரை எடுத்துக்கொண்டது. ஆச்சியே போன் போட்டுப் பேசிவிட்டார். அதில் ஒருவர் பேச்சோடு பேச்சாக இரண்டு கிலோ அதிரசம் கூடுதலாகச் சொன்னாராம்.

அண்ணன், அக்கா எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. கிராஃபனா திரையைப் பார்த்துவிட்டு ஆச்சி, "இந்தக் கோடெல்லாம் ஒனக்கு. எனக்கு இன்னிக்கு எத்தனை கிலோ மணகோலம் போடணும்னு அதுலயே காட்டுப்பா" என்கிறார். அது ஜேஎம்எக்ஸில் வராதே?

கண்டாங்கி (ஞாயிறு, இரவு 10.40)

வராது. புரோமிதியஸும் வேண்டாம். கிராஃபனாவிலேயே மைஎஸ்க்யூஎல்லை நேராக எண்களை எடுக்கும் டேட்டாசோர்ஸாகச் சேர்க்கலாம். ஆர்டர் டேபிளில் இன்றைய தேதிக்குக் கிலோவைக் கூட்டும் ஒரு செலக்ட் எழுதுங்கள், 'ஸ்டாட்' கட்டத்தில் பெரிய எழுத்தாகப் போடுங்கள். படிக்க மட்டும் உரிமை உள்ள தனி யூசர் வையுங்கள். மைஎஸ்க்யூஎல் ஹோஸ்டில் இருக்கிறது, கிராஃபனா கன்டெய்னரில் இருக்கிறது, அதனால் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாதீர்கள்.

பலகாரப்பெட்டி (ஞாயிறு, இரவு 10.52)

எழுதிவிட்டேன் அக்கா, இப்போதுதான் அழித்தேன்.