குக்கி பேனர்தான் மிச்சம்? நுகர்வோர் அமைப்புங்க உண்மையிலேயே எதையாச்சும் சாதிச்சாங்களா

எட்டாம்படி:
பிரைவசி, நுகர்வோர் உரிமைன்னு கொடி பிடிக்கிற அமைப்புங்க இத்தனை வருஷத்துல நமக்கு வாங்கிக் கொடுத்தது என்னன்னு பார்த்தா, எந்த சைட்டைத் தொறந்தாலும் மூஞ்சில வந்து விழற குக்கி பேனர்தான் (குக்கின்னா நம்மள ஞாபகம் வச்சிக்க சைட் நம்ம பிரவுசர்ல போட்டு வைக்கிற சின்ன ஃபைல்). எவனாச்சும் படிக்கிறானா? கண்ணை மூடிட்டு அக்செப்ட் அமுக்கிட்டுப் போயிட்டே இருக்கோம். 2018ல ஐரோப்பால ஜிடிபிஆர்ங்கிற டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்தப்ப என்னமோ விடிஞ்சிடும்னாங்க.

ராக்கோழி:
ஆள் மாத்தித் திட்டறீங்க. குக்கிக்கு அனுமதி கேக்கணும்ங்கிற விதி ஜிடிபிஆருக்கு முன்னாடியே, 2009ல திருத்தின ஐரோப்பாவோட இ-பிரைவசி சட்டத்துலயே இருக்கு. அக்செப்ட்டைப் பெருசா பளிச்சுன்னு வச்சிட்டு 'வேணாம்'ங்கிறதை மூணு பக்கம் உள்ள தள்ளி மங்கலா ஒளிச்சு வச்சது கம்பெனிக்காரன். அதை எதிர்த்துதான் 'நோய்ப்'னு ஒரு அமைப்பு (சிரிக்காதீங்க, 'உனக்கு இதுல என்ன வேலை'ங்கிற மாதிரி அர்த்தம் வர்ற இங்கிலீஷ் வரியோட சுருக்கம்) 2021ல 500க்கு மேல கம்ப்ளைண்ட் ரெடி பண்ணி கம்பெனிகளுக்கே அனுப்புச்சு. அடுத்த வருஷம் ஆரம்பத்துலயே பிரான்ஸ் ரெகுலேட்டர் இதே விஷயத்துக்கு கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ ஃபைன் போட்டான், கொஞ்ச நாள்ல கூகுள் 'ரிஜெக்ட் ஆல்' பட்டன் வச்சுது. நாம தனியா மெயில் போட்டிருந்தா வச்சிருப்பானா?

ரெண்டாள்ஆப்:
பெரியவன் ஃபைன் கட்டிட்டு துடைச்சுப் போட்டுட்டுப் போயிடுவான் ப்ரோ. நாங்க ரெண்டே பேர் சேர்ந்து ஒரு ஆப் நடத்தறோம், ஜிடிபிஆர்ல ஃபைன் 2 கோடி யூரோ இல்லன்னா உலக வருமானத்துல 4%, எது அதிகமோ அதுன்னு படிச்சதுல இருந்து தூக்கம் போச்சு. பயத்துல வக்கீல் வச்சோம், சைட்ல பேனரும் வச்சோம். இந்த அமைப்புல இருக்கறவங்க யாராச்சும் ஒரு மாசம் சம்பளம் போட்டு ஆபீஸ் நடத்திப் பார்த்திருக்காங்களா?

ராக்கோழி:
அது உச்சவரம்பு ப்ரோ, எல்லாருக்கும் அடிக்கிற ரேட் இல்ல. தப்போட அளவு, வேணும்னே செஞ்சதா, எத்தனை பேர் பாதிச்சாங்க எல்லாம் பார்த்துதான் போடணும்னு சட்டத்துலயே இருக்கு.

கத்திரிவெயில்:
குழந்தை வச்சிருக்கறவங்க கெய்லா பொம்மை கதையைத் தேடிப் படிங்க. பேசற பொம்மை, ப்ளூடூத்ல ஓடும், பாஸ்வேர்டே கிடையாது, பக்கத்துல நிக்கறவன் போனை கனெக்ட் பண்ணி குழந்தைகிட்ட பேசலாம் கேக்கலாம். 2016ல நார்வே நுகர்வோர் கவுன்சில்தான் அதை நோண்டி வெளிய கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷமே ஜெர்மனில ஒளிஞ்சிருந்து வேவு பாக்கற கருவின்னு சொல்லி தடை பண்ணி, வீட்ல இருந்தா உடைச்சுப் போடுங்கன்னுட்டாங்க. கடையில பொம்மை வாங்கற அம்மா அப்பா ப்ளூடூத் செக்யூரிட்டி டெஸ்ட் பண்ணிட்டா இருப்பாங்க?

எட்டாம்படி:
பொம்மை விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனா ஐரோப்பாக்காரங்க டேட்டா அமெரிக்காவுக்குப் போற கேஸ் பாருங்க. அதை அனுமதிச்ச ஒரு ஒப்பந்தத்தை 2015ல ஐரோப்பிய கோர்ட் ரத்து பண்ணுச்சு, 2020ல அடுத்ததை, 2023ல மூணாவது வந்தாச்சு. பழைய கள்ளு புது மொந்தை. நடுவுல ஃபேஸ்புக் நடத்தற மெட்டாவுக்கு 120 கோடி யூரோ ஃபைன்னாங்க, அது அரசாங்க கஜானாவுக்குத்தான், டேட்டா போனவனுக்கு ஒரு பைசா உண்டா?

ராக்கோழி:
ஃபைன்ல பங்கு கிடையாது, உண்மைதான். அதுக்குத்தான் ஐரோப்பால 2020ல தனியா ஒரு சட்டம் போட்டு, நுகர்வோர் அமைப்பே பாதிச்சவங்க சார்பா கோர்ட்ல நஷ்டஈடு கேக்கலாம்னு கொண்டு வந்தாங்க, 2023 ஜூன்ல இருந்து நடைமுறை. அந்த முதல் ரெண்டு ஒப்பந்தத்தையும் கேஸ் நடத்தி உடைச்ச ஆஸ்திரியாக்காரர் மேக்ஸ் ஷ்ரெம்ஸ் லா படிக்கிறப்ப ஃபேஸ்புக்ல தன் டேட்டாவைக் கேட்டு வாங்கினார், 1,200 பக்கத்துக்கு மேல வந்துச்சு, அவர் டெலீட் பண்ணதெல்லாம் உள்ள இருந்துச்சு. கேக்க ஒரு உரிமை இருந்ததால வந்துச்சு.

எட்டாம்படி:
நஷ்டஈடு என் கைக்கு வரட்டும், அப்ப பேசுவோம்.

கத்திரிவெயில்:
@ரெண்டாள்ஆப் ஒரு சந்தேகம், உங்க சைட்ல விளம்பர டிராக்கர் ஓடுதா?

ரெண்டாள்ஆப்:
இல்லையே. லாகின் பண்ணா பிரவுசரை மூடற வரைக்கும் ஞாபகம் வச்சிக்க ஒரு குக்கி, அவ்ளோதான்.

கத்திரிவெயில்:
அப்ப எதுக்குங்க பேனர்? சேவை நடக்க கட்டாயம் தேவைப்படற குக்கிக்கு அனுமதியே கேக்க வேணாம், பிரைவசி பக்கத்துல விவரம் எழுதினா போதும்.

ரெண்டாள்ஆப்:
😐 வக்கீல் இதைச் சொல்லவே இல்லையே. இருங்க, அவருக்கு போன் போட்டுட்டு வரேன்.