தோரியா குடும்பம் ஜெனோவாவுக்கு அரணா, சுமையா?

நெய்தல்:
இத்தாலியக் கடலோரக் குடியரசாக இருந்த ஜெனோவாவின் கடல்வலிமையை, அதன் பிரபுக்குலங்களில் ஒன்றான தோரியா குடும்பத்தின் கொடையாக எழுதும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1270இல் ஒபெர்த்தோ தோரியாவும் ஒபெர்த்தோ ஸ்பினோலாவும் மக்கள் தலைவர்கள் என்ற பெயரில் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். எதிரணிப் பிரபுக்குலங்களான ஃபியெஸ்கி, கிரிமால்டி குடும்பங்களோடு இருந்த பகை அதன்பின் மேலும் முற்றியது. 1318இல் நகருக்கு வெளியே தள்ளப்பட்ட தோரியாக்களும் ஸ்பினோலாக்களும் தாங்கள் பிறந்த நகரையே முற்றுகையிட்டார்கள். குடியரசின் வெற்றிகளைத் தங்கள் குடும்பக் கோயிலான சான் மத்தேயோவின் சுவரில் பொறித்துக்கொண்டவர்கள் இவர்கள். பொதுச்சொத்தைக் குடும்பச் சொத்தாகக் கருதியதற்கு வேறு சான்று வேண்டுமா?

கல்வெட்டு நேயன்:
அந்தச் சுவர் சொல்வதையும் நண்பர் படித்திருக்க வேண்டும். 1298இல் ஏட்ரியாட்டிக் கடலின் கோர்ச்சுலா தீவருகே, போட்டிக் குடியரசான வெனிசின் 96 துடுப்புப் போர்க்கலங்களை ஜெனோவாவின் 76 கலங்கள் எதிர்கொண்டு 84ஐப் பிடித்தன என்றும், அவற்றில் 66 அங்கேயே எரிக்கப்பட்டு 18 மட்டும் ஊருக்குக் கொண்டுவரப்பட்டன என்றும் கருப்பும் வெள்ளையுமாக வரியோடிய அந்த முகப்பில் கணக்குப் பிசகாமல் வெட்டியிருக்கிறார்கள். வென்ற லம்பா தோரியாவை அது ஜெனோவா நகரத்துக்கும் மக்களுக்கும் உரிய கடற்படைத் தலைவர் என்றே குறிக்கிறது. உரிமை கொண்டாட நினைத்தவர்கள் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

நெய்தல்:
பதவிப்பெயரை எழுதியது பணிவாகாது. 1284இல் பிசா நகரத்துடன் நடந்த மெலோரியா கடற்போரில் ஒபெர்த்தோ தோரியா தலைமை தாங்கினார் என்பது உண்மை. ஆனால் ஜெனோவாவின் இன்னொரு தளபதியான பெனெதெத்தோ ஸக்கரியாவின் கலங்கள் பின்வரிசையில் ஒதுங்கி நின்றதால்தான் பிசா எதிரியின் பலத்தைக் குறைத்து மதிப்பிட்டு முன்னேறியது. ஸக்கரியா தோரியா அல்லர். வெனிசுக்கு அருகே ஜெனோவா கைப்பற்றிய கியோஜாவையும் மறக்க வேண்டாம்: வெனிஸ் சமாதானம் கேட்டு வந்தபோது, அந்நகரின் சான் மார்க்கோ தேவாலய முகப்பிலுள்ள குதிரைகளுக்குக் கடிவாளம் பூட்டிய பிறகே பேசுவோம் என்று ஜெனோவாவின் தளபதி பியெத்ரோ தோரியா மறுத்ததாக வெனிசின் வரலாற்றேடு கூறுகிறது. 1380 ஜனவரியில் அவர் மாண்டார். ஜூனில் அங்கிருந்த ஜெனோவாவின் படை முழுவதும் சரணடைந்தது.

கல்வெட்டு நேயன்:
ஸக்கரியாவின் பங்கை மறுக்கவில்லை. கியோஜாவில் பிழை நேர்ந்ததையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 1339இல் சிமோனே பொக்கனேக்ரா ஜெனோவாவின் முதல் தோஜே, அதாவது குடியரசின் தலைவர், ஆனபின் பிரபுக்குலத்தவருக்கு அந்தப் பதவி மறுக்கப்பட்டிருந்தது. அவ்வாறு மறுத்த அதே நகரம்தான் 1379இல் லூச்சியானோ தோரியாவிடம் கடற்படையை ஒப்படைத்தது; போலாவில் வெனிசை வென்ற அன்றே அவர் களத்தில் விழுந்தபோது, அவரிடத்துக்கு இன்னொரு தோரியாவான இந்தப் பியெத்ரோவையே அனுப்பியது. அரியணைக்கு அருகே விடாதவர்களைக் கடலில் நம்பியதற்கு நண்பர் என்ன காரணம் சொல்வார்?

நெய்தல்:
அந்த நம்பிக்கை இருந்தது, அதை மறுக்கமாட்டேன். அதற்குக் கியோஜாவில் கொடுத்த விலையைத்தான் நான் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன்.