தூரத்து நட்பு நாடு: ஒப்பந்தம் இருந்தால் எண்ணெய் வந்துருமா?

வேளிமலை:
இந்தியாவும் அமெரிக்காவும் 2016ல போட்ட லெமோவா (படைகளுக்கு எண்ணெய் மாதிரி பொருளும் வசதியும் பரிமாறிக்கிற) ஒப்பந்தம் இருக்கு, அதனால சண்டைன்னா நம்ம கப்பலுக்கு அமெரிக்கா எண்ணெய் தரும்னு சிலர் சொல்றாங்க. தப்பு. துறைமுக வருகை, கூட்டுப் பயிற்சி, பயிற்சி வகுப்பு, பேரிடர் உதவி, இந்த நாலுக்குத்தான் அது நேரடியா பொருந்தும். மற்றதுக்கு ஒவ்வொரு தடவையும் தனி அனுமதி. அனுமதி வராட்டி என்ன ஆகும்? 1789 டிசம்பர்ல திப்பு சுல்தான் திருவிதாங்கூரோட எல்லை அரணான நெடுங்கோட்டையைத் தாக்கினப்போ கிழக்கிந்தியக் கம்பெனியோட ரெண்டு பட்டாளம் திருவிதாங்கூர் மண்ணுலதான் நின்னுது. சென்னை கவர்னர் ஹாலண்டு உத்தரவு தரல, சும்மா நின்னாங்க. அவங்களுக்குத் திருவிதாங்கூர்தான் நட்பு நாடு!

மணக்குடி:
அண்ணே, அனுமதி கடைசிப் படி. முந்தின படி இல்லன்னா அனுமதி வந்தும் எண்ணெய் ஏறாது. நடுக்கடல்ல ரெண்டு கப்பலும் 12 முதல் 16 நாட் (மணிக்கு ஏறக்குறைய 22 முதல் 30 கிலோமீட்டர்) வேகத்துல, ஏறக்குறைய 50 மீட்டர் இடைவெளியில, பக்கத்துப் பக்கமா ஓடணும். முதல்ல மெல்லிய கயிறு போகும், அதைப் பிடிச்சு எஃகு வடம், வடத்துல தொங்கி குழாய். குழாய் முனையும் எதிர்க் கப்பலோட வாயும் ஒரே அளவு இல்லன்னா பூட்டாது. ரொம்ப நெருங்கினா நடுவுல ஓடுற தண்ணி ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு இழுக்கும். விலகினா வடம் அறும். ஆனி ஆடிக் காத்துல சுக்கான் பிடிக்கிறவருக்குக் கைப்பழக்கம் வேணும். இந்திய, அமெரிக்கக் கடற்படைகள் 1992ல தொடங்கின மலபார் கூட்டுப் பயிற்சி அதுக்குத்தான் பயன்படுது.

வேளிமலை:
குழாய் பூட்டிரும் தம்பி, பேச்சு பூட்டுமா? 2013ல அமெரிக்காகிட்ட வாங்கின பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானம் அரக்கோணம் கடற்படைத் தளத்துக்கு வந்துச்சு. ரகசியத் தொடர்புக் கருவி தர்றதுக்கான காம்காசா ஒப்பந்தம் கையெழுத்தானது 2018ல. அதுவரைக்கும் அமெரிக்காவோட ரகசியத் தொடர்புக் கருவி அதுல இல்ல. அவங்க தயாரிச்ச விமானமே அவங்க வலையில சேர முடியல.

கல்குளம்:
ரெண்டு பேரும் பழுதை விட்டுட்டீங்க. இயந்திரம் கெட்ட கப்பல் சொந்த ஊருக்குத் திரும்பினா மாசக்கணக்குல அந்தக் கடல் காலி. 2022 ஆகஸ்டுல அமெரிக்கக் கடற்படையோட 'சார்லஸ் ட்ரூ' கப்பல் சென்னை பக்கத்துல காட்டுப்பள்ளி தளத்துல பழுது பார்த்துச்சே, என் கணக்குல எந்தக் கையெழுத்தையும்விட அதுக்கு எடை கூடுதல்.

வேளிமலை:
அது சரக்குக் கப்பல், அதுவும் அமைதிக் காலத்துல. சண்டைக் கப்பலைச் சண்டை நடக்கும்போது உள்ளே விட டெல்லி சம்மதிக்குமா?

மணக்குடி:
அப்போ அதையும் பழகிக்கணும் அண்ணே. அனுமதியை யார், எத்தனை மணி நேரத்துக்குள்ள தரணும்னு எழுதி வச்சு, மலபார்ல கப்பலோட சேர்த்து அந்த உத்தரவையும் ஓட்டிப் பாக்கணும். தாமதம் எந்த மேசையில விழுதுன்னு தெரிஞ்சிரும்.

வேளிமலை:
அது நல்ல யோசனை, ஒத்துக்கிடுதேன். ஆனா அது நடக்கும்வரை நம்ம கடற்படையோட எண்ணெய்க் கப்பல்கள் தீபக், சக்தி, ஜோதி, ஆதித்யா நாலையும் வச்சுத்தான் கணக்கு போடணும். விசாகப்பட்டினத்துல 2023ல ஒப்பந்தமான அஞ்சு துணைக்கப்பலும் (நடுக்கடல்ல எண்ணெயும் பொருளும் தர்ற கப்பல்கள்) சீக்கிரம் கடல்ல இறங்கணும். எனக்கு முதல் செலவு அதுதான், பயிற்சி ரெண்டாவது.