செங்கல்பட்டுத் தளபதியும் எங்கள் குடும்பக் குழுவும்

ஞாயிறு, காலை 7.12

கலா அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) நம் செங்கல்பட்டில் பிறந்து இந்தியத் தரைப்படைக்கே தலைவரான ஜெனரல் சுந்தர்ஜி! ஒரு களத்திலும் தோற்காத வீரர்! பெருமையோடு பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!

கலா அத்தை: அண்ணா, இது உண்மையா? நம் ஊர்க்காரர் என்று இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது.

பெரியப்பா: ஊர் உண்மை. கிருஷ்ணசுவாமி சுந்தரராஜன் என்பது முழுப் பெயர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 1946இல் மஹார் ரெஜிமென்ட்டில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1986 பிப்ரவரியில் தலைமைத் தளபதி ஆனார், 1988இல் ஓய்வு பெற்றார். "ஒரு களத்திலும் தோற்காத" என்று எழுதியவரை மட்டும் என்னிடம் அழைத்து வா.

நான்: நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்களா பெரியப்பா?

பெரியப்பா: ஒரே ஒரு முறை, நூறு கஜ தூரத்தில். ஆனால் என் பிழைப்பையே மாற்றியவர் அவர். நான் சேர்ந்தது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனில். நடப்பதுதான் எங்கள் தொழில். 1979இல் மெக்கனைஸ்டு இன்பன்ட்ரி, அதாவது கவச வண்டியில் போகும் காலாட்படை, என்று புதிய ரெஜிமென்ட் அமைத்தபோது பழைய பட்டாலியன்களை எடுத்து அதில் கோத்தார்கள். எங்களுடையதுதான் அதில் முதல் பட்டாலியன் ஆயிற்று. அந்த யோசனைக்காக விடாமல் வாதாடியவர் சுந்தர்ஜி. ரெஜிமென்ட்டின் கர்னல் என்ற கௌரவப் பொறுப்பும் முதலில் அவருக்குத்தான்.

சித்தப்பா: டாங்கி இருக்கும்போது காலாட்படைக்கு எதற்கு வண்டி?

பெரியப்பா: டாங்கி ஓடிப்போய் ஓர் இடத்தைப் பிடிக்கும். பிடித்ததைக் காப்பாற்ற ஆள் வேண்டுமே? லாரியில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எதிரி திரும்பி வந்துவிடுவான். அதற்குத்தான் ரஷ்ய பி.எம்.பி. வண்டி. சங்கிலிச் சக்கரம், தலையில் பீரங்கி. ஓட்டவும் சுடவும் மூன்று பேர், பின்னால் எட்டுப் பேர். டாங்கி போகும் இடமெல்லாம் அதுவும் போகும். காலாட்படையிலிருந்து வந்து முதலாவது கவச டிவிஷனுக்குத் தலைமை ஏற்ற முதல் ஆளும் அவரே. டாங்கிக்காரர்கள் நடுவில் அது, வந்த வாரமே மாமியார் கையிலிருந்து சாவிக்கொத்தை வாங்கிய கதை.

சித்தி: அந்த உதாரணம் யாரைக் குறித்து என்று தெரிகிறது.

சித்தப்பா: பிராஸ்டாக்ஸ் என்று ஒரு ராணுவப் பயிற்சி, அப்போது தினமும் பத்திரிகையில் வந்ததே. அதில் இருந்தீர்களா?

பெரியப்பா: இருந்தேன். 1986 இறுதியில் தொடங்கி 87 வரை ராஜஸ்தான் மணல். ஜனவரி இரவில் அந்த இரும்பு வண்டிக்குள் கால் வைத்துப் பார், குளிர்சாதனப் பெட்டி தோற்றுவிடும். அமைதிக் காலத்தில் அவ்வளவு பெரிய பயிற்சியை நம் படை அதற்கு முன் நடத்தியதில்லை. பாகிஸ்தானும் தன் படைகளை எல்லைக்கு நகர்த்தியது. இது பயிற்சியா, சண்டைக்கு முன்னேற்பாடா என்று எங்களுக்கே புரியவில்லை.

சித்தப்பா: பிப்ரவரியில் பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் கிரிக்கெட் பார்க்கிறேன் என்று ஜெய்ப்பூருக்கு வந்து இறங்கினாரே!

பெரியப்பா: ஆமாம். அந்த வானொலிச் செய்தியைக் கேட்ட பிறகுதான் நான் வீட்டுக்குக் கடிதம் போட்டேன்.

நான்: 1984இல் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்ததே, அது?

பெரியப்பா: மேற்குப் பிராந்தியத் தளபதி அவர்தான். உள்ளத்தில் பணிவோடும் உதட்டில் பிரார்த்தனையோடும் உள்ளே போனோம் என்றார். எங்களோடு இருந்த சீக்கிய நண்பர் ஒருவர் அதன் பிறகு ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

காலை 8.40

நான்: அவருடைய கருத்துகள் என்று ஏதாவது உண்டா? வெறும் பயிற்சியும் வண்டியும்தானா?

பெரியப்பா: படித்த மனிதர் அப்பா அவர். 1981இல் மாவ் நகரப் போர்க்கல்லூரிக்குத் தலைவராக இருந்தபோதே அணு ஆயுதம் பற்றி அதிகாரிகளை எழுதவும் வாதிடவும் வைத்தார். நம்மிடமும் குண்டு இருக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் போதும், குவிக்கத் தேவையில்லை என்பது அவர் கட்சி. 1998 பொக்ரான் சோதனையின்போது நோயில் விழுந்திருந்தார். 1999 பிப்ரவரியில் போய்விட்டார்.

பெரியப்பா: பதவியேற்றதும் எல்லா அதிகாரிகளுக்கும் ஒரு கடிதம் எழுதினார். நேர்மை குறைந்துவிட்டது, மேலே இருப்பவருக்குத் தலையாட்டிப் பதவி வாங்குகிறோம் என்று தம் ஆட்களையே கடிந்துகொண்டார். சிப்பாய்களுக்கு அனுப்பவில்லை. ஆனால் படையில் எந்தக் கடிதம்தான் லங்கருக்கு, எங்கள் சமையற்கூடத்துக்கு, வந்து சேராது? ரொட்டி தட்டிக்கொண்டே பேசினோம்.

சித்தப்பா: போபர்ஸ் பீரங்கி ஊழலை விட்டுவிட்டீர்களே.

பெரியப்பா: 1986இல் தரைப்படைத் தலைமையகம் அதைத்தான் சிறந்தது என்றது. லஞ்சம் யாருக்குப் போனது என்று கம்பெனி சொல்லாவிட்டால் ஒப்பந்தத்தையே ரத்து செய்வோம் என்று மிரட்டலாம் எனத் தாம் யோசனை சொன்னதாக ஓய்வுக்குப் பின் சொன்னார். கார்கில் போரில் அந்தப் பீரங்கி என்ன செய்தது என்று பார்க்க அவர் இல்லை. சில மாதம் முந்திவிட்டார்.

டொராண்டோ அண்ணி: பெரிய மாமா, நான் ஒன்று சொல்லலாமா? கோபிக்க வேண்டாம்.

பெரியப்பா: சொல் அம்மா.

டொராண்டோ அண்ணி: 1987 ஒக்டோபரில் எனக்கு ஏழு வயது. ஷெல்லுக்குப் பயந்து யாழ்ப்பாணம் நல்லூர் கோயிலில் தங்கியிருந்தோம். நிற்க இடமில்லாத சனம். சில மாதங்களுக்கு முன்தான் அமைதிப்படையாக வந்த இந்திய இராணுவத்துக்கு மாலை போட்டவர்கள் நாங்கள். அந்தப் படையின் தலைமைத் தளபதி தமிழர் என்று அம்மாவுக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். "தமிழரா?" என்று ஒரு தரம் கேட்டார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

காலை 9.05

பெரியப்பா: எனக்கு என்ன கோபம்? புலிகளோடு மோத நேர்ந்தால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று சுந்தர்ஜி சொன்னதாக அப்போது கொழும்பில் தூதராக இருந்த தீட்சித் எழுதியிருக்கிறார். கடைசிச் சிப்பாய் கப்பல் ஏறியது 1990 மார்ச்சில். நம் பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரவில் ஹெலிகாப்டரில் இறக்கிய சீக்கிய இலகு காலாட்படையினர் முப்பது பேரில் பிடிபட்ட ஒருவர்தான் பிழைத்தார். உங்கள் பக்கம் செத்த சனங்களுக்கு அந்தக் கணக்குக்கூட இல்லை.

பெரியப்பா: பாலைவனத்துக்கு அவர் போட்ட கணக்கு எனக்குப் புரியும். பனங்காட்டுக்கும் சந்துக்கும் அது எப்படிப் பொருந்தும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லையா, கேட்டும் காதில் விழவில்லையா? தலையாட்டாதே என்று கடிதம் எழுதிய மனிதர் ஆயிற்றே. எனக்கு இன்றும் அதுதான் உறுத்துகிறது.

டொராண்டோ அண்ணி: இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன் மாமா.

கலா அத்தை: நான் அந்தச் செய்தியை விடிகாலையிலேயே பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டேனே!

நான்: பதினொன்றாவது ஆளுக்கு அனுப்பாதீர்கள் அத்தை.

கலா அத்தை: அண்ணா, இத்தனை வருடத்தில் இதையெல்லாம் எங்களிடம் நீங்கள் சொன்னதே இல்லை.

பெரியப்பா: லீவில் வந்த ஒவ்வொரு முறையும் நீங்கள் கேட்டது காண்டீனில் பிரஷர் குக்கர் என்ன விலை என்றுதானே.