டோராடோரா: முதல் அத்தியாயங்களில் உங்களுக்கு என்ன தோன்றியது?

நண்பர்களே, 2008 அக்டோபரில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'டோராடோரா' அனிமேயை இப்போதுதான் பார்க்கிறேன். மொத்தம் 25 அத்தியாயங்களில் இரண்டு முடிந்திருக்கிறது. கூடப் பார்த்த தங்கை, எதற்கெடுத்தாலும் கைநீட்டும் கதாநாயகி டைகாவைப் பிடிக்காமல் எழுந்து போய்விட்டாள். அவள் கோபம் நியாயம்தான். ஆனால் நள்ளிரவில் மரவாளோடு வகுப்புத் தோழன் ரியூஜியின் வீட்டுக்குள் பாய்ந்தவள், பசியில் சுருண்டு விழுந்து, அவன் சமைத்துக் கொடுத்த வறுத்த சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறாளே, அங்கே எனக்கு மனம் இளகிவிட்டது. அத்தனை கலவரமும் அவள் பை மாறி ரியூஜியின் பையில் போட்ட ஒரு காதல் கடிதத்துக்காக. அந்த உறைக்குள் கடிதமே இல்லை!

முழுவதும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: தொடக்கத்தில் உங்களுக்கும் அவள்மேல் எரிச்சல் வந்ததா? எந்த அத்தியாயத்தில் மாறியது? கதையைச் சொல்லிவிடாமல் எண்ணை மட்டும் தந்தால் போதும். தங்கையை அதுவரையாவது உட்கார வைக்க வேண்டும்.