சைனூக்ளின் இழைகளைச் செலுத்திய சுண்டெலிகளில் மாற்றம் ஏதும் தெரியவில்லை

கேள்வி: முனைவர் பட்டத்திற்குப் புரத வேதியியலில் பணியாற்றிவிட்டு, எட்டு மாதங்களாகப் பார்க்கின்சன் நோய் ஆய்வகம் ஒன்றில் போஸ்ட்டாக் ஆய்வாளராக இருக்கிறேன். மரபணு மாற்றம் செய்யப்படாத சுண்டெலிகளின் ஸ்ட்ரையேட்டம் என்னும் மூளைப் பகுதியில் மனித ஆல்ஃபா-சைனூக்ளின் (பார்க்கின்சன் நோயில் நரம்பணுக்களில் திரளும் புரதம்) இழைகளைச் செலுத்தி மூன்று மாதங்கள் ஆகியும், சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் மூளைப் பகுதியில், நோய்க்குறியின் அடையாளமான செரின் 129 பாஸ்பேட் ஏற்றம் (அப்புரதத்தின் 129ஆம் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் சேர்வது) காணப்படவில்லை. பிழை இழைகளிலா, என் ஊசியிலா?

பதில்: பெரும்பாலும் இழைகளில்தான். செலுத்தும் நாளன்றே அவற்றை மீயொலியால் ஏறத்தாழ 50 நானோமீட்டருக்குத் துண்டாக்கினீர்களா? தயோஃப்ளேவின் சாயச் சோதனை அமிலாய்டு (இழையாகத் திரண்ட புரதம்) இருப்பதைக் காட்டுமே தவிர நீளத்தைக் காட்டாது. அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் 4 பாகையில் வைத்தால் இழைகள் பிரிந்துபோகக்கூடும் என்பது புரத வேதியியலிலிருந்து வருபவர்களையும் ஏமாற்றிவிடுகிறது.

மற்றொரு பதில்: 2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கெல்வின் லக், வர்ஜீனியா லீ குழுவினர் இத்தகைய சுண்டெலிகளில் நோய்க்குறி பரவுவதைக் காட்டியபோது பயன்படுத்தியது சுண்டெலியின் சைனூக்ளின் இழைகளையே; மனித இழைகள் அங்கு வலுவாக வித்திடுவதில்லை, அதாவது சுண்டெலியின் சொந்தப் புரதத்தை அவ்வளவாகத் திரளத் தூண்டுவதில்லை. ஒற்றை மூலக்கூறு வடிவத்தைச் செலுத்திய ஒப்பீட்டுக் குழுவையும், சைனூக்ளின் மரபணு நீக்கப்பட்ட திசுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செரின் 129 பாஸ்பேட்டைக் கண்டறியும் எதிர்ப்பொருள்களில் சில வேறு புரதங்களிலும் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஒவ்வொரு விலங்குச் சோதனைக்கும் ஆறு மாதம் போய்விடுவதால், ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியின் நரம்பணு வளர்ப்பில் இழைகளை முதலில் சோதிப்பது நல்லது. அங்கு இரண்டு வாரத்தில் விடை தெரிந்துவிடும்.

கேட்டவர்: 4 பாகையில்தான் வைத்திருந்தேன். சுண்டெலிப் புரதத்தில் புதிதாகத் தயாரிக்கத் தொடங்குகிறேன்.